கடனும் கொடையும்: கண்டிப் பெருந்தோட்டங்களில் நிறுவன சமூகப் பொறுப்பு

ஒரு வணிக நிறுவனம் தன் பங்காளருக்கு இலாபம் ஈட்டித் தருவதோடு, தான் இயங்கும் சமூகத்துக்கும் சூழலுக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பதே நிறுவன சமூகப் பொறுப்பின் சாரம். அந்தப் பொறுப்பைப் பொருளாதாரம், சட்டம், அறநெறி, கொடை என நான்கு படிகளாக 1991இல் ஆர்ச்சி கரோல் அடுக்கினார். இலாபம் ஈட்டுவது அடித்தளம். அதன்மேல் சட்டத்தை மதிப்பது, அதன்மேல் நியாயமாக நடப்பது; எல்லாவற்றுக்கும் உச்சியில், செய்தால் நன்று என்ற நிலையில், கொடை. வளர்ந்துவரும் நாடுகளில் இந்த அடுக்கு மாறிவிடுகிறது என்று வேய்ன் விசர் 2008இல் எழுதினார். அங்கே கொடை இரண்டாம் படிக்கு இறங்கிவர, சட்டமும் அறநெறியும் அதற்குப் பின்னே போய்விடுகின்றன. அரசு செய்யத் தவறியதைக் கம்பனி செய்ய வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பதும், சட்டத்தைக் கண்காணிக்கும் கரங்கள் தளர்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள்.

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் சமூகப் பொறுப்பு என்ற தலைப்பின்கீழ் வருபவற்றில் பெரும்பகுதி வீடு, குடிநீர், மலசலகூடம், பிள்ளை பராமரிப்பு நிலையம், மருந்தகம் ஆகியவைதான். இவை இந்த மலைகளுக்குப் புதியவை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் தோட்ட முதலாளியின் தலையில் சுமத்திய கடமைகள் அவற்றில் அடங்கியுள்ளன. கடமையாக இருந்தது எப்போது, எப்படிக் கொடைக் கணக்கில் எழுதப்பட்டது, அதனால் வட்டாரத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைத்தொடரில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் வணிக நோக்கிலான தேயிலைச் செய்கை அங்கிருந்து தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, அந்த மலைச்சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1892இல் இறந்த டெய்லரின் கல்லறை கண்டி மஹியாவ மயானத்தில் இருக்கிறது. அவருடைய காலத்தில் காடு வெட்டி, குழி தோண்டி, கன்று நட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புதைத்த இடத்தில் ஓர் அடையாளக் கல்கூட இல்லை.

கோப்பிக்குப் பெருமளவில் ஆள் தேவைப்பட்டது அறுவடைக் காலத்தில் மட்டும். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு செடியிலும் கை படவேண்டும். ஆகவே தொழிலாளரைக் குடும்பத்தோடு தோட்டத்திலேயே நிறுத்திவைப்பது தொழிலின் அடிப்படைத் தேவை ஆயிற்று. லயம் எழுந்தது அதற்காகத்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் காம்பரா எனும் ஓர் அறை, முன்னே இஸ்தோப்பு எனும் ஒரு திண்ணை, பொதுச்சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், மேலே ஒரே நீளத் தகரக் கூரை. அடுப்புப் புகை இஸ்தோப்பு வழியாகவே வெளியேற வேண்டும். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறைகள் படுத்து எழும் குடும்பங்கள் இன்றும் கலஹா, தெல்தோட்டை, நக்கிள்ஸ் பக்கத்துத் தோட்டங்களில் உள்ளன.

தொழிலாளர் நோயால் மடிந்தபோதும், இந்திய அரசாங்கத்தின் அழுத்தம் கூடியபோதும் குடியேற்ற ஆட்சி சட்டம் இயற்றியது. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்து மருத்துவ வசதிக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. 1920இன் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் கடமையை விதித்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டம் வந்தது. இவற்றைத் தோட்டத்துரைமார் மனமுவந்து ஏற்கவில்லை. பலர் ஏட்டளவில் நிறைவேற்றினர். ஆனாலும் இவை கொடை என்று எவரும் சொன்னதில்லை. சோறும் கூரையும் மருந்தும் கூலியின் ஒரு பகுதி, உற்பத்திச் செலவில் சேரவேண்டியவை என்ற புரிதல் அந்தச் சட்டங்களில் இருந்தது.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டது; கடைசி நாடற்றவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் தோட்டத்துக்குள் அரசு என்று சொல்லத்தக்கது தோட்ட நிர்வாகம் மட்டுமே. பாதை, தண்ணீர், பிறப்புப் பதிவுக்கான கடிதம், சவப்பெட்டிக்கான பலகை என எதற்கும் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். குடியுரிமை கிடைத்த பிறகும் இந்த நிலை முழுதாக மாறவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர், தம் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு கானைக்கூடச் சபைப் பணத்தில் கட்ட முடியாமல் இருந்தார். 2018இல்தான் இப்பிரிவு திருத்தப்பட்டது.

தோட்டங்களில் நிறுவன சமூகப் பொறுப்பைப் பற்றிப் பேசும் ஆய்வுகள் பலவும் இந்தச் சட்டப் பின்னணியைக் கடந்துபோய்விடுகின்றன. இது பெரிய குறை. உள்ளூராட்சி நுழைய முடியாத இடத்தில் கம்பனி போட்டுக்கொடுக்கும் தண்ணீர்க் குழாய், நகரத்தில் ஒரு வங்கி கட்டிக்கொடுக்கும் பேருந்துத் தரிப்பிடம் போன்றது ஆகாது. நகரவாசிக்கு வேறு வழிகள் உண்டு. லயத்தில் வாழ்பவருக்குத் தொழில் தருபவரும், வீடு தருபவரும், தண்ணீர் தருபவரும் ஒருவரே. வேலையை விட்டால் காம்பரா கேள்விக்குள்ளாகும் இடத்தில், தொழிலாளியும் கம்பனியும் பேசும் பேரம் சமமான பேரமாக இருக்க வழியில்லை.

1972இன் காணிச் சீர்திருத்தம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது; 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிர்வகித்தன. நட்டம் பெருகியது. 1992இல் தோட்டங்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்டன; தொண்ணூறுகளின் நடுவில் பங்குகள் விற்கப்பட்டு, நிலம் அரசிடமே இருக்க 53 ஆண்டுக் குத்தகை கம்பனிகளுக்குக் கிடைத்தது. அது 2045இல் முடிகிறது.

அதே 1992இல் தொழிலாளரின் வீடும் நலமும் ஒரு தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த அந்த அமைப்பு இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படுகிறது. தோட்டங்களில் அதற்கு ‘ட்ரஸ்ட்’ என்றே பெயர். கடமையும் கொடையும் கலந்துபோனது இந்த இடத்தில்தான். வீடமைப்புக்கும் சுகாதாரத்துக்குமான பணத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்தும் வெளிநாட்டு உதவியிலிருந்தும் கடனிலிருந்தும் வந்தது. வேலையை நடத்திக்கொடுத்தது ட்ரஸ்ட். பலன் கம்பனிகளின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளிலும் இடம்பிடித்தது. யாருடைய பணம், யாருடைய கடமை, யாருடைய பெருமை என்று பிரித்துப் பார்ப்பது அன்றிலிருந்து கடினமாகிவிட்டது.

இந்த முயற்சிகள் பயனற்றவை என்று சொல்வது நேர்மையாகாது. பிள்ளை பராமரிப்பை எடுத்துக்கொண்டால் போதும். முன்னாளில் பிள்ளைக்காம்பரா என்பது ஈரச்சாணம் மெழுகிய ஓர் அறை; கம்பில் கட்டிய ஏணைகள், அவற்றை ஆட்டிவிட ஒரு வயதான பெண். இன்று பல தோட்டங்களில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். ஓடு போட்ட தரை, குழந்தையின் நிறையைக் குறிக்கும் அட்டை, பயிற்சி பெற்ற பொறுப்பாளர், பால் கொடுக்கத் தாய் மலையிலிருந்து இறங்கிவரும் நேரம் என்று ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. கொழுந்தெடுக்கும் தாய் காலை ஏழு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு ஏறும்போது இந்த நிலையம் அவளுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை எந்த அறிக்கையும் முழுதாகச் சொல்லிவிட முடியாது.

ஆயினும் அதே பிள்ளையின் உடலில் இன்னொரு கணக்கு பதிவாகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத் துறையில் 31.7 வீதம். வறுமையும் அவ்வாறே. புதிய வறுமைக் கோட்டின்படி 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதமாக இருந்தபோது தோட்டத் துறையில் 33.8 வீதமாக இருந்தது. நிறை அட்டையும் ஓட்டுத் தரையும் வந்த பிறகும் உயரம் கூடாமல் இருப்பதற்குக் காரணம் நிலையத்துக்குள் இல்லை. மாலையில் பிள்ளை திரும்பிப் போகும் காம்பராவில், அடுப்பில் ஏறும் பானையில், தாயின் சம்பளத் துண்டில் இருக்கிறது.

அந்தச் சம்பளம் எப்படி உருவாகிறது என்பதைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நிற்பர். கணக்கப்பிள்ளை தராசில் தொங்கவிட்டு எடையைச் சொல்வார். சாக்குக்கும் இலையில் ஒட்டிய ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்படும். மிச்சம் துண்டில் ஏறும். அன்றைக்கென்று வைத்த எடை, தோட்டத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப 16, 18, 20 கிலோ என்று மாறும். எடை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். பகல் முழுதும் மலையில் நின்றவளுக்குப் பாதி நாட்சம்பளம். கழிக்கும் கிலோ நியாயமானதா என்று கேட்க அவளிடம் வேறொரு தராசு இல்லை. சமூகப் பொறுப்பை அளக்க விரும்பும் ஆய்வாளர் முதலில் நிற்கவேண்டிய இடம் இந்தத் தராசடிதான்.

சம்பளம் நெடுங்காலம் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்பட்டது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் வீதியில் நின்றது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா கொடுப்பனவுமாக அது வர்த்தமானியில் வந்தது. கூட்டு ஒப்பந்தம் அத்தோடு செயலிழந்தது. அடுத்த ஆண்டில் ரூபாவின் மதிப்பு சரிந்து மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் விலையேறியபோது அந்த ஆயிரம் ரூபாவின் பலம் கரைந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபாவுக்கு வர்த்தமானி வெளிவந்தது. கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவாயிற்று.

கம்பனிகளின் வாதத்துக்கும் செவிசாய்க்க வேண்டும். இலங்கைத் தேயிலையின் உற்பத்திச் செலவு போட்டி நாடுகளைவிட அதிகம். அதில் பெரும்பங்கு கூலி. கென்யாவில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பறிக்கும் கொழுந்து இங்கே பறிப்பதைவிட மிக அதிகம். நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேற்பட்ட பங்கு சிறு தோட்ட உடைமையாளரிடமிருந்து வருகிறது. அவர்களுக்கு லயமும் மருந்தகமும் நடத்தும் சுமை இல்லை. 2021இன் இரசாயன உரத் தடை செடிகளின் விளைச்சலைக் குலைத்தது. கண்டி வட்டாரத்துக்கு மேலும் ஒரு கஷ்டம் உண்டு. மத்திய உயரத்தில் விளையும் இத்தேயிலைக்கு நுவரெலியாத் தேயிலையின் மணமும் இல்லை, ருகுணைத் தேயிலையின் விளைச்சலும் இல்லை. விதைக்கன்றால் வளர்ந்த நூறாண்டுச் செடிகள் நிற்கும் மலைகள் இங்கே ஏராளம்.

இவை உண்மைகள்தான். ஆனால் செடிகள் கிழடாகிப் போனதற்கும் இடைவெளிகள் காடாகிப் போனதற்கும் கொழுந்தெடுப்பவள் காரணமில்லை. மீள்நடுகை முதலீட்டாளரின் வேலை. 2045இல் குத்தகை முடியும் கம்பனி, பலன் தரப் பல ஆண்டுகள் எடுக்கும் முதலீட்டில் தயங்குவது எதிர்பார்க்கத்தக்கதே. குறைந்த முதலீடு குறைந்த விளைச்சலையும், குறைந்த விளைச்சல் குறைந்த கூலியையும், குறைந்த கூலி இளைஞரின் வெளியேற்றத்தையும் கொண்டுவருகிறது. இந்தச் சுழலை ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பூசும் வண்ணமோ ஒரு கண் சிகிச்சை முகாமோ அறுத்துவிட முடியாது.

தனியார்மயத்தை மட்டும் குற்றம் சொல்பவர்கள் கண்டி மாவட்டத்தின் அரச தோட்டங்களைப் பார்க்க வேண்டும். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ கம்பனி ஆகிய மூன்றும் இன்றும் அரசின் கையில் உள்ளன. அவற்றின் தோட்டங்கள் பல கண்டி, மாத்தளைப் பகுதிகளில் இருக்கின்றன. டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் அரச நிர்வாகத்தில் உள்ளதே. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும் என்பது திருத்தங்களோடு நடைமுறையிலுள்ள 1958இன் சட்டம். அரச தோட்டங்கள் இந்தப் பணத்தைச் செலுத்தாமல் நிலுவை வைத்தது நாடாளுமன்றக் குழுவிலேயே பேசப்பட்ட விடயம். முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்றவர்கள் தங்கள் சேமலாபத்துக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது தங்கள் சொந்தப் பணத்தை. கரோலின் அடுக்கில் இது இரண்டாம் படி, சட்டத்தின் படி.

வீட்டு விடயத்திலும் உரிமைதான் இறுதிக் கேள்வி. தனிக் காணியில் தனிவீடு என்பது இப்போது ஏற்கப்பட்ட அரச கொள்கை. இந்திய அரசின் உதவியில் 4,000 வீடுகளுக்கான திட்டம் நடந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். சுவர் எழும்பிய இடங்களிலும் பதிவு செய்யத்தக்க காணி உறுதி எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கி ஈடாக ஏற்காது. அதை வைத்துக் கடன் பெற்று ஒரு முச்சக்கர வண்டியோ பசுவோ தையல் இயந்திரமோ வாங்க முடியாது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் அரை ஏக்கர் தேயிலையும் சில மிளகுக் கொடியும் வைத்திருக்கும் குடும்பம் நிலத்தைக் கொண்டு ஏறிவிட்ட படியில், லயத்துக் குடும்பம் கால்வைக்கவே இல்லை. கண்டியில் 1972இல் அருட்தந்தை போல் காஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் தோட்ட மக்களையும் கிராம மக்களையும் ஒன்றாக அமரவைத்துப் பேசியதன் முக்கியத்துவம் இங்கே புலப்படுகிறது. இரு சாராரின் வறுமையும் ஒரே மலையைச் சேர்ந்தது என்று அந்த இயக்கம் கண்டிருந்தது.

வெளிநாட்டுக் கொள்வனவாளரின் பங்கும் கூடியிருக்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், ஃபெயார்ட்ரேட் போன்ற சான்றிதழ்கள் பாதுகாப்பு உடையையும் கிருமிநாசினிக் கட்டுப்பாட்டையும் முறைப்பாட்டுப் பெட்டியையும் தோட்டத்துக்குள் கொண்டுவந்தன. உள்நாட்டில், டில்மா தேயிலையின் நிறுவனர் மெரில் பெர்னாண்டோ, வரிக்கு முந்திய இலாபத்தில் 10 வீதத்தை அறநிலையத்துக்கு ஒதுக்குவதை வணிகக் கொள்கையாகவே வைத்தார். இலங்கையில் பொதியிட்டு இலங்கைப் பெயரிலேயே விற்றால் மதிப்பின் பெரும்பகுதி நாட்டில் தங்கும் என்ற அவருடைய நிலைப்பாடு, கொடையைவிட ஆழமான வளர்ச்சிக் கருத்து என்று கருத இடமுண்டு. கொழும்பு ஏலத்தில் மொத்தமாக விற்கப்படும் தேயிலைக்கும் லண்டன் கடைத்தட்டில் இருக்கும் பொதிக்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்தில் கொழுந்தெடுப்பவளுக்குப் பங்கு மிகச் சிறிது.

கடமையையும் கொடையையும் பிரிக்கும் கோட்டை அயல்நாட்டுச் சட்டம் ஒன்று தெளிவாகவே போட்டிருக்கிறது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் விதிகளோ, சொந்த ஊழியருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவை இக்கணக்கில் சேர்க்கக்கூடாது என்கின்றன. நீலகிரியிலும் வால்பாறையிலும் தோட்டத் தொழிலாளிக்கு வீடும் பிள்ளைக் காப்பகமும் கொடுப்பதை 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. அதைக் கொடையாகக் காட்ட வழியில்லை. இலங்கையில் இத்தகைய விதி இல்லை. இருந்திருந்தால் கண்டி மலைகளைப் பற்றிய சமூகப் பொறுப்பு அறிக்கைகளின் பக்கங்கள் வெகுவாகக் குறைந்திருக்கும்; அவற்றில் எஞ்சியிருப்பது உண்மையான கொடையாக இருந்திருக்கும்.

அப்படியொரு விதி இலங்கையில் வருமானால், கம்பனி அறிக்கை இரண்டு பத்திகளாகப் பிரிய வேண்டும். சம்பளம், சேமலாபம், தராசில் கழியும் எடை, லயத்தின் கூரை, குடிநீர், பிரசவச் சகாயம் ஆகியவை முதற்பத்தியில் நிலுவையோடு எழுதப்பட வேண்டும். அதற்கு அப்பால் செய்தவை இரண்டாம் பத்தியில். முதற்பத்தியில் நிலுவை இருக்கும்வரை இரண்டாம் பத்திக்கு விருது வழங்குவதில் பொருளில்லை. அரச தோட்டங்களுக்கும் இதே படிவம் பொருந்தும். பாதையும் கானும் 2018இன் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபையின் கணக்குக்குப் போக வேண்டியவை. அவற்றைக் கம்பனி தொடர்ந்து சுமப்பது மக்களை மறுபடியும் ஆபீஸ் வாசலுக்கே அனுப்பும்.

இதற்கிடையே தோட்டங்கள் ஆளற்றுப் போகின்றன. 1992இல் இருந்த நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை இன்று பாதிக்கும் குறைவு. லயத்தில் பிறந்த பிள்ளைகள் கண்டி நகரத்துத் துணிக்கடைகளிலும் கொழும்பு உணவகங்களிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் வேலை செய்கிறார்கள்; சிலர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார்கள். கம்பனிகள் இப்போது வெளியார் உற்பத்தி முறையைப் பேசுகின்றன. ஒரு குடும்பத்திடம் ஆயிரக்கணக்கான செடிகளைப் பிரித்துக்கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் முறை அது. வருமானம் கூடலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நாட்சம்பளம் நின்றால் சேமலாபமும் பிரசவச் சகாயமும் பிள்ளைக் காப்பகமும் யார் கணக்கு என்ற கேள்வி எழுகிறது. செடியைக் கவனிக்கும் குடும்பத்துக்கு அந்த நிலத்தில் எழுத்து மூலமான, பிள்ளைகளுக்குக் கைமாறக்கூடிய உரிமை உண்டா என்பதும் அந்த உடன்படிக்கைகளிலேயே தீர்க்கப்பட வேண்டும். 2045இல் குத்தகை முடியும்போது மலை யாரிடம் திரும்பும் என்று சட்டம் சொல்கிறது. அந்த மலையில் ஆறு தலைமுறையாக வாழ்ந்தவர்களின் காம்பரா யாரிடம் இருக்கும் என்பதை எந்தக் குத்தகைப் பத்திரமும் இதுவரை எழுதவில்லை.